பாஸ் யான் ஆடர் நினைவாக எட்டுப் பேர் கடலுக்குப் போவதென்றால்

கேள்வி இதுதான்: "அண்ணே, நாங்கள் எட்டுப் பேர். ஓவியம், நாடகம், கவிதை என்று ஆளுக்கொரு பக்கம். 1975இல் சின்னப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கப் போய்த் திரும்பாத டச்சுக் கலைஞர் பாஸ் யான் ஆடரைப் பற்றிப் படித்தோம். அவர் நினைவாகச் சிங்கப்பூரில் ஒரு குழுக் கடற்பயணம் போக ஆசை. ஆளுக்கொரு குட்டிப் படகு எடுக்கலாம் என்கிறான் ஒருவன், எல்லாரும் ஒரே படகில் போகலாம் என்கிறாள் இன்னொருத்தி. இரவில் போகலாமா? நீங்கள் கப்பலில் இருந்தவர், சொல்லுங்கள்."

போகலாம். இரவிலும் போகலாம். ஆனால் ஆளுக்கொரு படகு என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரே படகு, அதை ஓட்டத் தெரிந்த உரிமம் உள்ள ஒருவர், அவருடன் நீங்கள் எட்டுப் பேர். பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆடர் செய்ததை எட்டாகப் பிரித்துத் தனித்தனியாகச் செய்வது வெறும் நகல். எட்டுப் பேர் ஒரே படகில் இருந்தால் அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும்: அவர் தூங்கும்போது விழித்திருக்க ஆள் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பயணத்தை அதை வைத்துக் கட்டுங்கள் என்பதே என் யோசனை. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆடர் என்ன செய்தார் என்பதைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவர் கதை பாதி உண்மை, பாதி மெழுகுவர்த்தி வெளிச்சமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆடர் 1942இல் நெதர்லாந்தின் வின்ஸ்கோட்டனில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவப் போதகர். யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதற்காக நாஜிகள் அவரை 1944இல் சுட்டுக் கொன்றார்கள். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறி ஓவியக் கல்லூரியில் படித்துக் கலைஞரானார். அவருடைய வேலைகளில் பெரும்பாலானவை ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியவை. 1970இல் வீட்டுக் கூரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்து உருண்டு கீழே விழுந்து அதைப் படமெடுத்தார். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளோடு கால்வாய்க்குள் விழுந்தார். இன்னொரு படத்தில் கேமரா முன்னால் அழுகிறார், ஏன் என்று சொல்லமாட்டார். விழுவது பற்றிக் கேட்டபோது, புவியீர்ப்பு தன்னை ஆண்டுவிட்டது என்ற பொருளில் விளக்கம் தந்தார். சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்ததுதான் அவருடைய திறமை என்பது என் கருத்து.

அட்லாண்டிக் பயணம் தனியாக நிற்கும் ஒரு சாகசம் இல்லை. மூன்று பகுதி கொண்ட ஒரு வேலையின் நடுப்பகுதி அது. முதல் பகுதியில், 1973இல், லாஸ் ஏஞ்சலிஸின் குன்றுகளிலிருந்து கடற்கரை வரை ஒரு இரவு முழுக்கக் கையில் டார்ச் விளக்குடன் நடந்தார். அதன் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பாப் பாட்டின் வரிகளைக் கையால் எழுதினார். 1975இல் அங்கே ஒரு கலைக்கூடத்தில், புறப்பாட்டுக்கு முன், மாணவர்கள் கூடி மாலுமிப் பாட்டுகள் பாடினார்கள். இரண்டாம் பகுதி கடல். மூன்றாம் பகுதி நெதர்லாந்தில் நடக்க வேண்டியது: கரை சேர்ந்தபின் ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு இரவு நடை, குரோனிங்கன் அருங்காட்சியகத்தில் மறுபடி பாட்டு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அவர் சாகத்தான் போனார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுகரையில் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்பட்ட மனிதர் அவர். போய்ச் சேரத்தான் கிளம்பினார் என்று நினைக்கிறேன்.

பைத்தியக்காரத்தனமா என்றால், அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. படகு பன்னிரண்டரை அடி நீளம், கிட்டத்தட்ட 3.8 மீட்டர். 'கப்பி 13' என்ற ரகம், பெயர் 'ஓஷன் வேவ்'. கடலுக்கு ஏற்றபடி அதைப் பலப்படுத்தியிருந்தார். 1975 ஜூலை 9ஆம் தேதி மாசசூசெட்ஸின் கேப் காட் கரையிலிருந்து இங்கிலாந்தின் ஃபால்மத்தை நோக்கிப் புறப்பட்டார். இதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1965இல், ராபர்ட் மேன்றி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பதின்மூன்றரை அடிப் படகில் அதே பக்கத்திலிருந்து அதே ஃபால்மத்துக்கு 78 நாளில் போய்ச் சேர்ந்தார். ஊரே கரைக்கு வந்து வரவேற்றது. மேன்றியைப் பலமுறை அலை படகிலிருந்து தூக்கி எறிந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிறுதான் ஒவ்வொரு முறையும் அவரைத் திரும்ப ஏற்றியது. ஆடரும் கடல் தெரியாதவர் இல்லை. இருபது வயதுக்காரராக மொராக்கோவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஒரு பாய்மரப் படகில் வேலையாளாகப் போனவர். அந்தப் பயணத்தில் துணைக்கு ஆள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

புறப்பட்ட சுமார் மூன்று வாரத்தில் வானொலித் தொடர்பு நின்றது. 1976 ஏப்ரலில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே, கரையிலிருந்து நூற்றைம்பது மைல் போல் தள்ளி, ஒரு ஸ்பானிய மீன்பிடிப் படகு 'ஓஷன் வேவ்' பாதி மூழ்கி, முகப்பு கீழே போய்ச் செங்குத்தாக நிற்பதைக் கண்டது. ஸ்பெயினின் லா கொருன்யாவுக்கு இழுத்துவந்தார்கள். அங்கிருந்து படகு களவுபோய்விட்டது. உடலும் இல்லை, படகும் இல்லை. கலையுலகம் அந்த வெற்றிடத்தில் என்னென்னவோ நிரப்பிக்கொண்டது.

கப்பல்காரன் கண்ணுக்கு அதில் மர்மம் குறைவு. சின்னப் படகில் தனியாக இருப்பவன் கடலில் விழுந்தால், கயிறு இல்லையென்றால், படகு அவனை விட்டுப் போய்விடும். அவ்வளவுதான். வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் நேரம் மிகக் குறைவு. செயற்கைக்கோள் வழியாக அபாய அழைப்பு அனுப்பும் கருவி அப்போது கிடையாது. காஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்த ஏற்பாடு முதல் உயிரைக் காப்பாற்றியதே 1982இல்தான். இன்று ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவுள்ள பெட்டி செய்யும் வேலையைச் செய்ய அன்று எதுவும் இல்லை.

சரி, இப்போது நம்ம ஊர்க் கடல். ஆடர் பயந்திருக்க வேண்டிய குளிரும் மலை போன்ற அலையும் இங்கே இல்லை. தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. இங்கே பயப்பட வேண்டியது கப்பலுக்கு. எந்த நேரத்தில் எண்ணினாலும் நம் துறைமுகத்தில் ஆயிரம் கப்பல் போல் நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது அல்லது போகிறது. சின்னப் படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு அடிவானம் இரண்டரைக் கடல் மைல்தான். சிங்கப்பூர் நீரிணையில் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் வரும் எண்ணெய்க் கப்பல் அந்தத் தூரத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம்கூடச் சரியாகக் கிடைக்காது.

"அவர்கள் நம்மைப் பார்த்து ஒதுங்கமாட்டார்களா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நான் கப்பலைச் செலுத்தும் மேல்மாடத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்: பல நேரம் தெரியாது. பெரிய கப்பல்களில் மாலுமி நிற்கும் இடம் பின்பக்கம். முகப்பு அவன் பார்வையை மறைக்கும். சர்வதேச விதியே முன்னால் 500 மீட்டர் வரை, அல்லது கப்பலின் நீளத்தைப் போல் இரு மடங்கு வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை, கடல்பரப்பு மறைந்திருப்பதை அனுமதிக்கிறது. அந்தக் குருட்டுப் பகுதிக்குள் நீங்கள் இருந்தால் நீங்கள் இல்லை. பார்த்தாலும் உடனே நிறுத்த முடியாது. நிறை சுமையுடன் உள்ள எண்ணெய்க் கப்பல் நிற்க மைல் கணக்கில் ஓட வேண்டும். அப்புறம், பாய்மரப் படகுக்கு எப்போதும் முன்னுரிமை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது கப்பல் வழித்தடத்தில் செல்லாது. இருபது மீட்டருக்குக் குறைவான படகும் பாய்மரப் படகும் தடத்தில் வரும் கப்பலுக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்பதே விதி. தடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், சாய்வாக இல்லை. ஆளுக்கொரு படகு வேண்டாம் என்று ஏன் எடுத்த எடுப்பில் சொன்னேன் என்று இப்போது புரியும்.

இங்கேதான் உங்கள் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது. மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது, கண்ணாலும் காதாலும் எல்லா நேரமும் கவனித்திருக்கச் சொல்கிறது. எல்லா நேரமும் என்றால் எல்லா நேரமும். தனியாகப் போகிறவனால் அதை நிறைவேற்றவே முடியாது, ஏனென்றால் அவன் தூங்கியாக வேண்டும். ஆடராலும் அப்படி எல்லா நேரமும் கவனித்திருக்க வழியில்லை. நீங்கள் அதை நிறைவேற்றலாம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து முறைவைத்துக் காவல் நில்லுங்கள். கப்பலில் நாங்கள் நான்கு மணி நேரம் நின்று எட்டு மணி நேரம் ஓய்வெடுப்போம். நடுநிசி பன்னிரண்டு முதல் நான்கு வரையிலானது இரண்டாம் அதிகாரியின் தலையெழுத்து. ஒரே இரவு போகும் புதியவர்களுக்கு நான்கு மணி நேரம் அதிகம், கண் மங்கிவிடும். ஒரு ஜோடிக்கு இரண்டு மணி நேரம் போதும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்கு ஜோடிக்கும் சரியாக வரும்.

காவல் என்றால் கப்பல் விளக்குகளைப் படித்தாக வேண்டும். அதை முன்னரே பழகுங்கள், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உட்கார்ந்தே பழகலாம். ஓடும் பெரிய கப்பலுக்கு இரண்டு வெள்ளை விளக்கு, முன்னால் உள்ளது தாழ்வாகவும் பின்னால் உள்ளது உயரமாகவும் இருக்கும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நின்றால், அது உங்களை நோக்கி வருகிறது. நங்கூரமிட்ட கப்பல்கள் தளவிளக்குகளை எல்லாம் எரியவிட்டு ஒரு நகரம் போல் நிற்கும். ஓடுகிற கப்பலின் விளக்கு அந்த வெளிச்சத்துக்குள் தொலைந்துபோகும். நம் கடலில் புதியவர்கள் ஏமாறும் இடம் அதுதான்.

இன்னொரு பழக்கம், இதுதான் எல்லாவற்றிலும் பழையது, எளியது. ஒரு கப்பல் தெரிந்ததும் திசைகாட்டியில் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். திசை நன்றாக மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அது உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். திசை மாறவில்லை, தூரம் மட்டும் குறைகிறது என்றால் மோதல் உறுதி.  ஒவ்வொரு ஜோடியும் நேரம், திசை, என்ன விளக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதட்டும். கவிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நோட்டில் கவிதை எழுதாதீர்கள். பதிவேடு பதிவேடாக இருக்கட்டும். விடிந்தபின் எட்டுக் கையெழுத்தில் உள்ள அந்த நோட்டு உங்கள் கண்காட்சியில் வைக்க வேறெதையும்விட மேலானது என்பேன்.

இருட்டில் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் கைபேசியைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு மட்டும் வையுங்கள். மங்கலான விளக்கை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு இருட்டில் வலு குறைவு, அதனால்தான்.

ஆள் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியைப் புறப்படும் முன் பகலிலேயே செய்யுங்கள், ஒரு மிதவையை எறிந்து. அந்தப் பயிற்சியில் ஒருவருக்கு ஒரே வேலை: விழுந்தவரைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பது. கயிறு எடுக்கக்கூடாது, கத்தி உத்தரவு போடக்கூடாது, திரும்பிப் பேசக்கூடாது. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணும் கையும் அந்தத் தலையை விட்டு நகரக்கூடாது. அலைக்கு நடுவே மனிதத் தலை மிதக்கும் தேங்காய் அளவுக்குத்தான் தெரியும், ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம். ஆடர் நினைவாக ஒரு நிகழ்த்துகலை வேண்டும் என்கிறீர்களே, நாடகக்காரர்களே, இதைவிட என்ன வேண்டும்? மிதவையை எறிந்துவிட்டு எட்டுப் பேரும் மாறி மாறிக் கை நீட்டி நில்லுங்கள். ஆடர் விழுந்ததைப் படமெடுத்தார். விழுந்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் எடுங்கள்.

எங்கே போவது? என் தேர்வு செயின்ட் ஜான்ஸ் தீவும் அதை ஒட்டிய லாசரஸ் தீவும். தூரம் ஒன்றுமில்லை, மரீனா சவுத் பியரிலிருந்து ஃபெரி அரை மணியில் கொண்டுபோய்விடும். பாய்மரத்தில் காற்றைப் பொறுத்து இரண்டு மணி நேரம் ஆகலாம். இவ்வளவு கிட்டவா என்று முகம் சுளிக்காதீர்கள். தமிழர்களுக்கு அந்தத் தீவு சும்மா ஒரு பிக்னிக் இடம் இல்லை. 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் பலர் சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவைத்தான் மிதித்தார்கள். பின்னாளில் அரசியல் கைதிகளையும் அங்கே வைத்திருந்தார்கள். நம் குடும்பங்களில் பெரியவர்கள் ரஜூலா கப்பல் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஒரு வாரப் பயணம், வாந்தி, சமையல், சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே தளத்தில். குழுவாகக் கடல் கடப்பது என்றால் என்ன என்று தெரிய டச்சுக்காரரை மட்டும் படித்தால் போதாது, உங்கள் தாத்தா பாட்டியையும் கேளுங்கள்.

லாசரஸ் தீவின் குடாவில் நங்கூரமிட்டு இரவைக் கழிப்பது சரியாக வரும். நங்கூரக் காவல் என்பது சின்ன வேலை இல்லை. நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போல் திசை மாறும், படகும் சங்கிலியில் சுற்றித் திரும்பும். அப்போதுதான் நங்கூரம் பிடி நழுவும். கரையில் இரண்டு நிலையான விளக்கைத் தேர்ந்தெடுத்து அவற்றின் திசையை அரை மணிக்கு ஒருமுறை குறித்தால் நழுவுகிறதா என்று தெரியும். தென்தீவுகளுக்கு இடையே நீரோட்டம் சில இடங்களில் மணிக்கு மூன்று கடல் மைலுக்கும் மேல் போகும். பாய்மரப் படகின் வேகமே ஐந்து என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே நங்கூரமிடலாம், இரவு தங்கலாமா என்பதைப் படகுத் தலைவரும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அப்போதைய அறிவிப்பும் சொல்வதே கணக்கு. சதுமு தீவில் 1855இல் முதன்முதலாக ஒளிர்ந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் வரை போகலாமே என்று யாராவது கேட்பார்கள். பக்கத்திலேயே பாவாய், செனாங், சூடோங் தீவுகள், ராணுவம் குண்டு வீசிப் பயிற்சி செய்யும் இடம். தூரத்திலிருந்து அதன் ஒளியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆடரைப் போல நடையும் வேண்டும் என்றால், இரவு நடைக்குத் தெலுக் ஆயர் தெருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே நாகைப் பக்கத்து முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் கடலோடிகளைக் காப்பவர் என்ற நம்பிக்கை. கொஞ்ச தூரத்தில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், அங்கே இருப்பவளும் கடல் அன்னைதான், மாசு என்ற தெய்வம். கரை சேர்ந்தவர்கள் இறங்கியதும் முதலில் நன்றி சொல்ல வந்த இடங்கள் இரண்டும். அப்போது அலை அந்தத் தெருவோரம் வரை வந்தது. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று தர்கா வாசலிலிருந்து தண்ணீரைக் காண வானளாவிய கட்டடங்களைத் தாண்டி நடக்க வேண்டும். ஆடர் குன்றிலிருந்து நடந்து கடலை அடைந்தார். நீங்கள் பழைய கரையிலிருந்து நடந்து, கடல் எங்கே போயிற்று என்று தேடி, மரீனா சவுத் வரை வர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நடையைவிட இது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. வழிபாட்டு இடங்களுக்கு உள்ளே உங்கள் நிகழ்ச்சியைக் கொண்டுபோகாதீர்கள், அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டு. ஆடரின் மாணவர்கள் பாடியது மாலுமிகளின் வேலைப் பாட்டு, கயிறு இழுக்கும்போது எல்லார் கையும் ஒரே நேரத்தில் இழுக்கப் பாடியது. நமக்கு அதற்கு நேரான சரக்கு உண்டு. சோழமண்டலக் கரை மீனவர்களின் அம்பாப் பாட்டு, வலை இழுக்கும் ஏலேலோ. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொள்ளும் அமைப்பு, எட்டுப் பேருக்கு அளவாகப் பொருந்தும். தயவுசெய்து கரோக்கே ட்ராக் போட்டு சினிமாப் படகுப் பாட்டு பாடாதீர்கள். நங்கூரச் சங்கிலியை இழுக்கும்போது பாடுங்கள், அந்தப் பாட்டு எதற்கு என்று கை சொல்லும். கரையில் பொதுமக்கள் முன்னால் அறிவித்து நடத்துவதானால் உரிமம் தேவையா என்று தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எப்போது? பிப்ரவரி. வடகிழக்குப் பருவக்காற்று அப்போது நிலையாக வீசும், டிசம்பர் ஜனவரியின் அடைமழை ஓய்ந்திருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் புயல்காற்று வரும் காலம். விடிவதற்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து கறுப்புச் சுவராக வந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். உங்கள் கடைசிக் காவல் ஜோடி நிற்கும் நேரம் பார்த்து வரும். ஏப்ரல், மே பிற்பகல்களில் மின்னலும் சேரும், கடலில் உயரமான பொருள் உங்கள் பாய்மரம்தான். குசு தீவுக்குச் சீன ஒன்பதாம் மாத யாத்திரை நடக்கும் காலத்தில் அந்தப் பக்கம் ஃபெரி நெரிசல், அதையும் தவிர்க்கலாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயந்திரம் உள்ள உல்லாசப் படகை ஓட்டக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும், படகுக்கும் உரிமம் வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டும் உள்ள ஒருவரோடு வாடகைக்குப் பேசுவது. பணம் கொடுத்து ஏறுகிறீர்கள் என்பதால், பயணிகளை ஏற்ற அந்தப் படகுக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை பேருக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எட்டுப் பேரோடு தலைவரையும் சேர்த்தே எண்ண வேண்டும். வானொலியில் அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். நீரிணைக் கப்பல் போக்குவரத்துத் தகவல் மேற்கில் 73, நடுவில் 14, கிழக்கில் 10. பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே யார் எங்கே போகிறார்கள் என்று விளங்கும். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு வரை போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். போகலாம். ஆனால் அது கப்பல் தடத்தைக் குறுக்கே வெட்டுவது, குடிநுழைவுச் சோதனை, துறைமுக அனுமதி, அந்தப் பக்கமும் அதே என்று வேறு கதை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

படிப்பதற்கும் பார்ப்பதற்கும் ஒரு பெயர் தருகிறேன்: சார்ல்ஸ் லிம். 1996 ஒலிம்பிக்ஸில் சிங்கப்பூருக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர், பிறகு கலைஞரானவர். 'ஸீ ஸ்டேட்' என்ற அவருடைய நீண்ட வேலை 2015இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் சிங்கப்பூர் அரங்கில் இருந்தது. மிதவைகள், எல்லைக் கோடுகள், தூர்ப்பதற்காகக் கொண்டுவரும் மணல் என்று நம் கடலை ஒரு அலுவலகம் போலக் காட்டுகிறவர். ஆடரின் கடல் எல்லையில்லாதது, நம் கடலில் ஒவ்வொரு முழமும் யாரோ ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது. ஆடரை அப்படியே இங்கே இறக்கினால் ஏன் ஒட்டாது என்பதற்கு லிம்மின் வேலையைப் பார்த்தாலே போதும்.

மூன்றாம் பகுதியை மறக்காதீர்கள். ஆடருக்கு அது கிடைக்கவில்லை. நீங்கள் காலையில் திரும்பி வந்ததும் தூக்கக் கலக்கத்தோடு வீட்டுக்கு ஓடாமல், மரீனா சவுத்திலிருந்து தெலுக் ஆயருக்கு அதே வழியில் திரும்ப நடந்து, அதே பாட்டை மறுபடி பாடுங்கள். எட்டுக் கிரேப் டாக்ஸி பிடித்துக் கலைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. கரையில் ஒரு ஆள் வேண்டும். படகின் பெயர், நிறம், யார் யார் இருக்கிறார்கள், எந்த வழி, எந்த மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் அதிகாரிகளை அழைக்க வேண்டும் என்பதையும் முன்னரே குறித்துவிடுங்கள், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடம் கூடாது. ஆடர் இத்தனை நாள் என்று தோராயமாகச் சொல்லிவிட்டுப் போனவர். அவ்வளவு பெரிய கடலில், அவ்வளவு நீண்ட பயணத்தில், எப்போது தாமதம் என்று கரையில் இருந்தவர்களால் சொல்ல முடியாது. உங்கள் பயணம் ஒரு இரவு, உங்களால் நிமிடம் வரை சொல்ல முடியும். எட்டுப் பேரில் கடல் ஒவ்வாமல் முதல் அரை மணியிலேயே வாந்தி எடுக்கப்போகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரே இதற்குப் பொருத்தம். அப்படியானால் படகில் ஏழு பேர்தான், காவல் பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும் ஆளோடு படகுத் தலைவர் சேர்ந்துகொள்வார்.